சிவப்புத் துணியில் வைத்தால் பச்சோந்தி சிவக்குமா?

கேள்வி: டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். என் பத்து வயது மகன் செம்பருத்தி வேலியிலிருந்து ஒரு சின்னப் பச்சோந்தியைப் பிடித்து வந்தான். நிறம் மாறுகிறதா பார்க்கலாம் என்று என் சிவப்புப் புடவையில் விட்டான். அது சிவக்கவே இல்லை. உடம்பெல்லாம் கறுத்து, வாயைப் பிளந்து சீறியது. "விஷ ஜந்து, அடித்துப் போடு" என்கிறார் ஆயா. மகனோ பெட்டியில் வைத்து வளர்ப்பேன் என்று அழுகிறான். அதற்கு ஏதும் நோயா? என்ன செய்யட்டும்?

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அதைப் பிடித்த அதே வேலியில் இன்றைக்கே விட்டுவிடுங்கள். அப்புறம் மற்றதைப் பேசுவோம்.

அதற்கு நோய் ஒன்றும் இல்லை, பயம்தான். பயந்தாலும் கோபம் வந்தாலும் பச்சோந்தி கறுத்துப் போகும். குளிரான காலையில் வெயிலின் சூட்டை வாங்கிக்கொள்ளவும் கறுக்கும். கீழே விரித்த துணியைப் பார்த்து அப்படியே நிறம் மாறும் வித்தை எந்தப் பச்சோந்திக்கும் தெரியாது. பச்சை, பழுப்பு, சாம்பல், மஞ்சள் என்று அதனதன் இனத்துக்கு வாய்த்த நிறங்களுக்குள்தான் மாற முடியும். தோலின் உயிரணுக்களில் உள்ள மிக நுண்ணிய படிகங்களின் இடைவெளி கூடிக் குறைவதால் நிறம் மாறுகிறது என்று ஜெனீவா ஆராய்ச்சியாளர்கள் 2015இல் காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்தது மடகாஸ்கர் இனத்தை. நம் தென்னாப்பிரிக்கக் குள்ளப் பச்சோந்திகளைப் பற்றி 2008இல் வெளியான ஆய்வோ, இந்தத் திறமை வளர்ந்தது ஒளிந்துகொள்வதற்காக என்பதைவிட, ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்வதற்காகவே என்கிறது.

அப்படியானால் அது எப்படித்தான் ஒளிகிறது என்று உங்கள் மகன் கேட்பான். வேலிக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். பச்சோந்தியின் உடம்பு இலை மாதிரி பக்கவாட்டில் தட்டையானது. நீங்கள் நெருங்கினால் ஓடாது. மெல்லக் குச்சியின் மறுபக்கம் நகரும். இந்தப் பக்கம் விரல்களும் ஒரு கண்ணும் மட்டும் தெரியும். நீங்கள் சுற்றிப் போனால் அதுவும் சுற்றும். நடக்கும்போது ஒரு காலை நீட்டி, முன்னும் பின்னும் ஆடி, அப்புறம்தான் ஊன்றும். காற்றில் அசையும் இலைகளுக்கு நடுவே அந்த ஆட்டம் யார் கண்ணிலும் படாது. நிறத்தைவிட இந்தப் பொறுமைதான் அதைக் காப்பாற்றுகிறது என்பது என் எண்ணம். புடவை மேல் அதற்குக் குச்சியும் இல்லை, இலையும் இல்லை. பாவம், கறுத்துச் சீறுவதைத் தவிர வேறு வழி இல்லை.

தனக்கு வாய்த்த நிறங்களுக்குள்ளேயே எதிரிக்குத் தகுந்த மாதிரி நிறம் மாற்றுவதும் உண்டு. ஸ்மித் குள்ளப் பச்சோந்தி என்ற இனத்தின் முன்னால் கீச்சான் குருவியின் உருவத்தையும் பூம்ஸ்லாங் பாம்பின் உருவத்தையும் வைத்துப் பார்த்தார்கள். கீச்சானைக் கண்டபோது பின்புலத்தோடு அதிகம் ஒத்துப்போனது. பறவைகளுக்கு நிறம் பிரித்தறியும் பார்வை கூர்மை. பாம்புக்கு அவ்வளவு இல்லாததால், குறைவாக ஒத்துப்போனாலும் தப்பிவிடுகிறது. கறுப்பு வெள்ளையாக மின்கம்பியில் உட்கார்ந்திருக்குமே, பிடித்த இரையை முள்ளில் குத்தி வைக்குமே, அதே கீச்சான்தான்.

ஆயாவிடம் சொல்லுங்கள்: பச்சோந்திக்கு விஷம் கிடையாது. சீறுவதெல்லாம் மிரட்டல். ஜூலு மக்களில் பலருக்கும் அதன்மேல் அச்சம் உண்டு. மனிதருக்குச் சாவில்லை என்ற சேதியோடு அனுப்பப்பட்ட பச்சோந்தி வழியில் தாமதித்ததாம். சாவு உண்டு என்ற சேதியோடு வந்த பல்லி முந்திக்கொண்டதாம். அந்தப் பழியையும் சுமந்துகொண்டு, ஈயையும் பூச்சியையும் தின்று நம் தோட்டத்துக்கு நல்லதுதான் செய்கிறது.

பெட்டியில் வளர்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். காட்டு உயிர் அடைத்துவைத்தால் வாடிப்போகும். மகனுக்கு அதைவிட நல்ல வேலை ஒன்று கொடுங்கள். இருட்டிய பிறகு டார்ச் அடித்து வேலியைப் பார்க்கச் சொல்லுங்கள். தூங்கும்போது இவை வெளிறிப்போய்க் கிளை நுனியில் பிடித்துக்கொண்டிருக்கும், வெளிச்சம் பட்டால் பளிச்சென்று தெரியும். தொடாமல் பார்த்துவிட்டு வரட்டும். குள்ளப் பச்சோந்தி முட்டையிடாது, குட்டி போடும். அதனால் மிகச் சின்னக் குட்டிகளும் கண்ணில் படலாம். பூச்சிமருந்தை நிறுத்துங்கள், பூனையை வேலிப் பக்கம் விடாதீர்கள். வேலியைக் கத்தரிக்க வேண்டியிருந்தால் முந்தைய இரவே டார்ச்சோடு தேடி, இருப்பவற்றைக் கிளையோடு வெட்டாத பக்கத்துக்கு மாற்றிவிட்டு, பாதியை மட்டும் கத்தரியுங்கள். அது தழைத்த பிறகு மறுபாதி.