தமிழும் அரச கரும மொழிதானே, பிறகென்ன தடை?

சட்டத்தில் தமிழுக்கு இடமிருந்தும் இலங்கைத் தமிழர் அரச வேலையில் ஏன் பின்தங்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தடை வேலையில் சேர்ந்த பிறகே கழுத்தை நெரிக்கிறது.

1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. சிங்களத் தேர்ச்சி இல்லையென்று சம்பள உயர்வு மறுக்கப்பட்ட எழுதுவினைஞர் கோடீஸ்வரன், அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்காடினார். தமிழ் அரச கரும மொழியானது 1987இல், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தால்தான்.

ஆனால் கொழும்பில் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்: ஓரக்குறிப்பு, கூட்ட அறிக்கை, மேலதிகாரியின் கட்டளை பெரும்பாலும் சிங்களத்திலேயே இருக்கும். வார்த்தை வராமல் கூட்டத்தில் மௌனமாக இருப்பவரைத் திறமையற்றவர் என்று எடைபோடுகிறார்கள். இது அப்பட்டமான அநீதி.

2007 யூலைக்குப் பின் சேர்ந்தவர்கள் ஐந்தாண்டுக்குள் மற்ற அரச கரும மொழியையும் கற்க வேண்டும் என்கிறது சுற்றறிக்கை. அது சிங்கள அதிகாரிக்கும் பொருந்தும்.