கேள்வி பதில்: அப்ரைசல் கடிதம் வருவதற்கு முன்னும் பின்னும்

ராணிப்பேட்டை, ஆம்பூர் தொழிற்சாலைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாளர் துறையில் இருந்தவன் என்ற முறையில், அப்ரைசல், அதாவது ஆண்டு வேலை மதிப்பீடு பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

ஆம்பூர், ஷூ தொழிற்சாலை மேற்பார்வையாளர்: ஐயா, எனக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் போட்டதாக மேலாளர் சொன்னார். கடிதத்தில் மூன்று இருக்கிறது. பொய் சொன்னாரா?

அவர் நான்கே போட்டிருப்பார் தம்பி. பல நிறுவனங்களில் எல்லாத் துறைப் பட்டியலையும் பிறகு ஒரே மேசையில் வைத்து ஒப்பிடுவார்கள். சம்பள உயர்வுக்கான தொகை முன்பே முடிவாகியிருக்கும். அதற்குள் அடக்க, நான்கும் ஐந்தும் இத்தனை பேருக்குத்தான் என்று வரம்பு வைப்பார்கள். உங்கள் மேலாளர் உங்களுக்காக வாதாட வேண்டிய இடம் அது. "நல்ல பையன், கடுமையாக உழைப்பான்" என்று மட்டும் சொன்னால் அங்கே எடுபடாது.

ஒருமுறை ஒரு மேற்பார்வையாளர் தன் சட்டைப்பை நோட்டின் பக்கங்களை மேலாளரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ஓரத்தில் பசைக் கறை. "ஆகஸ்ட் 14: தையல் பிரிந்து திரும்பியவை 41 ஜோடி. ஊசி மாற்றினோம். ஆகஸ்ட் 21: 9 ஜோடி." அதைப் படித்த பிறகு அவருடைய நான்கில் யாரும் கைவைக்கவில்லை. சுயமதிப்பீட்டில் "சிறப்பாகச் செய்தேன்" என்று எழுதாதீர்கள். தேதியும் எண்ணிக்கையும் எழுதுங்கள். மார்ச் வரை காத்திராமல் ஜனவரியிலேயே மேலாளர் கையில் கொடுத்துவிடுங்கள்.

வாலாஜா: மதிப்பீட்டை நான் ஏற்கவில்லை. கையெழுத்துப் போடலாமா?

போடுங்கள். மறுத்தால் "கையெழுத்திட மறுத்தார்" என்பதுதான் கோப்பில் ஏறும். "பெற்றுக்கொண்டேன், ஏற்கவில்லை, விளக்கம் தனியே தருகிறேன்" என்று எழுதித் தேதியிடுங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும்.

காட்பாடி, மத்திய அரசு ஊழியர்: எங்கள் வேலையைப் பற்றி மேலதிகாரி எழுதும் ஆண்டறிக்கையை எங்களுக்குக் காட்டுவார்களா?

காட்டியே ஆகவேண்டும். தேவ் தத் என்ற பொறியாளருக்கு "நன்று" என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கோ "மிக நன்று" வேண்டும். அந்த நல்ல சொல்லே அவர் வழியை மறித்தது. பாதகமான குறிப்பை மட்டுமல்ல, எல்லாக் குறிப்பையும் தெரிவிக்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆட்சேபிக்க 15 நாள் உண்டு, தவறவிடாதீர்கள்.

வேலூர், ஜவுளிக்கடைக் கணக்கர்: நான்கரை ஆண்டுப் பணி. மூன்று மாதத்தில் முன்னேற்றம் காட்டு என்று கடிதம் கொடுத்திருக்கிறார்கள். "நீங்களே ராஜினாமா எழுதிவிடுங்கள்" என்கிறார்கள்.

எழுதாதீர்கள் அம்மா. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, பிரிவு 41-இன்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. விசாரணையில் உறுதியான ஒழுங்கீனத்துக்கு மட்டும் முன்னறிவிப்பு தேவையில்லை. நீங்களே ராஜினாமா எழுதினால் அந்தப் பாதுகாப்பை இழக்கிறீர்கள். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) தேவையான ஐந்தாண்டுக்கும் அரையாண்டுதான் பாக்கி.

அந்தக் கடிதத்தை மீண்டும் படியுங்கள். "ஈடுபாடு போதாது" என்று பொத்தாம்பொதுவாக இருந்தால், எந்தக் கணக்கு, எந்தத் தேதிக்குள், எத்தனை பிழைக்குள் என்று எழுத்தில் கேளுங்கள். வாரந்தோறும் மேலதிகாரியுடன் நடந்த பேச்சை அன்றே அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். இப்படிக் கேட்டு, நிலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் வார மின்னஞ்சலை எழுதி எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.