இன்ஸ்டாகிராமை அழித்துவிட்டால் ஜெர்மனி பழகிவிடுமா?

கேள்வி: எம்.எஸ். படிக்க அக்டோபரில் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகருக்கு வந்தேன். மூன்று மாதமாகிறது. வகுப்பு முடிந்தால் அறை, அறைக்கு வந்தால் போன். வாட்ஸ்அப் தமிழ்க் குழுவைத் தவிர யாரையும் தெரியாது. மற்றவர்கள் போடும் படங்களைப் பார்த்தால் எனக்கு மட்டும்தான் இப்படியோ என்றிருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிடலாமா?

பதில்: அழிக்க வேண்டாம், தம்பி. முகவரி பதிய என்னென்ன காகிதம் வேண்டும், மிளகாய்த்தூள் எங்கே கிடைக்கும், ஞாயிறு கடை திறக்காது சனிக்கிழமையே பால் வாங்கி வை என்றெல்லாம் முதல் வாரத்தில் சொல்லித் தந்தது அந்தத் தமிழ்க் குழுவாகத்தான் இருக்கும். அது இருக்கட்டும்.

என்னிடம் வரும் மாணவர்களிடம் எத்தனை மணி நேரம் போன் பார்க்கிறீர்கள் என்று கேட்பதைவிட, எந்த நேரத்தில் என்றுதான் கேட்பேன். அம்மா சாப்பாட்டு வேலையெல்லாம் முடித்து இரவு 9 மணிக்குக் கூப்பிடுவார். குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம், உங்களுக்கு மாலை 4.30. வகுப்பு விட்டு, கூடப் படிக்கிறவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டே காபிக்குப் போகலாமா என்று வாசலில் நிற்கிற நேரம் அதுதான், நீங்களோ காதில் இயர்போனோடு தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கடந்து போகிறீர்கள். நாலு தடவை இப்படி நடந்தால், இவருக்கு இஷ்டமில்லை போல என்று ஐந்தாவது தடவை கேட்கவே மாட்டார்கள்.

1960-ல் கலர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் இந்தக் கலாச்சார அதிர்ச்சியைப் பற்றி எழுதினார். எப்போது கை குலுக்குவது, ஓர் அழைப்பை எப்போது ஏற்பது, எப்போது மறுப்பது என்று ஊரில் யோசிக்காமலே செய்த சின்னச் சின்ன விஷயங்கள் கைவிட்டுப் போவதால் வரும் பதற்றம் என்றார். மூன்றாம் மாதத்தில் அது இருப்பது சகஜம். ரீல்ஸ் பார்த்து அந்த ஊரின் சின்னச் சின்ன விஷயங்களைக் கற்றுக்கொள்ள முடியாது, அந்த வாசலில் நின்றால்தான் வரும்.

அதனால் அம்மாவின் அழைப்பை இடம் மாற்றுங்கள். காலை 7.30-க்கு நீங்கள் கூப்பிட்டால் அவருக்கு மதியம் 12. அவர் வேலைக்குப் போகிறவர் என்றால் சனி, ஞாயிறு நிதானமாகப் பேசுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரம் மாறி வித்தியாசம் மூன்றரை மணி ஆகும், அப்போது மறுபடி கணக்குப் போடுங்கள்.

மற்றவர்கள் போடும் படங்களைப் பற்றி: நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும் ஜனவரி மாலையை யாரும் ஸ்டோரியாகப் போடுவதில்லை. அவர்களுக்கும் அதே இருட்டுதான்.

அப்புறம், போனை உள்ளூருக்கும் திருப்புங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள், பல்கலைக்கழக விளையாட்டுப் பயிற்சிகளுக்குப் பதியுங்கள், வாரம் ஒரு மணி நேரம் அவர் மொழியை உங்களுக்கும் உங்கள் மொழியை அவருக்கும் சொல்லித்தரும் டாண்டம் துணை தேடுங்கள். தூக்கமும் பசியும் கெட்டு வகுப்புக்கே போகமுடியாத நிலை என்றால் காத்திருக்க வேண்டாம், மாணவர் நலச் சேவையின் உளவியல் ஆலோசகரிடம் நேரம் வாங்குங்கள்.

ஒன்று மட்டும் கவனம். சேர்ந்து எடுத்த படத்தைக் கேட்காமல் போட்டுவிடாதீர்கள். ஒருவர் படத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்பது ஜெர்மனியில் 1907-லிருந்தே சட்டம், அங்குள்ளவர்கள் அதைப் பெரிதாகவே எடுத்துக்கொள்வார்கள். "போடலாமா?" என்று கேளுங்கள், அதுவே பேச்சைத் தொடங்கிவைக்கும்.