ராத்திரி ரெண்டு மணிக்கு அங்க எத்தனை பேர் முழிச்சிருக்காங்க?

கேள்வி: அக்கா, எங்கம்மாவுக்கு 79 வயசு. மறதி நோய் நாலு வருஷமா இருக்கு. போன மார்கழில பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆச்சு, இப்ப ஒருத்தர் புடிச்சாதான் நடக்கறாங்க. நான் பேங்க்ல வேலை பாக்குறேன், வீட்டுக்கு வந்த கேர்டேக்கர் ஆறு மாசத்துல அஞ்சு பேர் மாறியாச்சு. திருச்சியிலயே ரெண்டு ஹோம் பாத்து வெச்சிருக்கோம். ஒன்னு பெருசு, 60 பேர் இருக்காங்க, ஏசி, லாபி எல்லாம் உண்டு, மாசம் 42,000. இன்னொன்னு பழைய வீடு, 18 பேர், 26,000. அண்ணன் லண்டன்ல இருக்கான். அங்கல்லாம் கவர்மெண்டே செக் பண்ணி ரேட்டிங் போடும், இங்க எதை நம்புறது, பேசாம பெருசுலயே சேத்துடுன்னு சொல்றான். எதையெல்லாம் பாத்து முடிவு பண்றது? சொந்தக்காரங்க பேச்சு வேற தாங்க முடியல. – பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: சொந்தக்காரங்கள முதல்ல முடிச்சுடலாம்மா, அதுல பேச பெருசா ஒன்னுமில்ல. அவங்க யாரும் நடுராத்திரில வந்து அம்மாவுக்கு டயப்பர் மாத்தப் போறதில்ல. 2007ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மூணு மாசம் வரைக்கும் ஜெயில், 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம்னு சொல்றது பெத்தவங்கள அம்போன்னு விட்டுட்டுப் போறவங்களுக்கு, இடம் தேடி காசு கட்டி வாராவாரம் போய்ப் பாக்கப் போற உங்களுக்கு இல்ல. அடுத்த தடவை யாராவது ஏதாவது சொன்னா "சரி அத்தை, ரெண்டு வாரம் நீங்க வந்து இருக்கீங்களா, நான் கொஞ்சம் தூங்கிக்கறேன்"னு கேட்டுப் பாருங்க, போனை அவங்களே வெச்சுடுவாங்க.

அண்ணன் சொல்றது பாதி சரி. இங்கிலாந்துல கேர் குவாலிட்டி கமிஷன்னு 2009ல இருந்து ஒன்னு இருக்கு, அவங்க ஆளுங்க பல நேரம் சொல்லாம கொள்ளாம வந்து நிப்பாங்க, பாதுகாப்பா இருக்கா, கவனிப்புக்குப் பலன் இருக்கா, அன்பா நடத்துறாங்களா, ஆளுக்கேத்த மாதிரி கவனிக்கறாங்களா, நிர்வாகம் ஒழுங்கான்னு அஞ்சு விஷயம் பாத்து நாலு தரத்துல ஒன்னு குடுத்து ரிப்போர்ட்ட நெட்ல போட்டுடுவாங்க, அந்த ரேட்டிங்க ஹோம் காரங்க எல்லாரும் பாக்குற மாதிரி ஒட்டி வெக்கவும் செய்யணும். நம்மூர்ல அப்படி ஹோம் ஹோமா மார்க் போட்டு வெக்கிற வழக்கம் கிடையாது. இங்க சமூக நலத்துறைல பதிவு பண்ணணும், அந்த சர்டிஃபிகேட்ட ரெண்டு ஹோம்லயும் கேட்டு வாங்கிப் பாருங்க, தேதி முடிஞ்சிருச்சான்னு பாருங்க, சந்தேகம்னா கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட சமூக நல அலுவலர்கிட்ட நேர்லயே கேக்கலாம். ஆனா பதிவு பண்ணிருக்காங்கங்கறது அப்படி ஒரு ஹோம் இருக்குன்னு சொல்லும், அங்க ராத்திரி அம்மா "தண்ணி"ன்னு கூப்பிட்டா யாராவது வருவாங்களான்னு சொல்லாது. அதனால இங்க இன்ஸ்பெக்ஷன் நீங்கதான் பண்ணணும், நான் 22 வருஷம் வார்டுல நர்ஸா குப்பை கொட்டினவ, எங்க பாக்கணும்னு சொல்றேன்.

முதல்ல ஆள் கணக்கு. பெரிய ஹோம்ல "20 ஸ்டாஃப் இருக்காங்க மேடம், மூணு பேருக்கு ஒருத்தர்"னு சொல்லுவாங்கன்னு வெச்சுக்கோங்க. கேக்க நல்லாதான் இருக்கும். அந்த 20ல சமையல் நாலு, கூட்டித் துடைக்க ரெண்டு, வாட்ச்மேன் ரெண்டு, ஆபீஸ்ல ரெண்டு போச்சுன்னா அம்மாவத் தொட்டுத் தூக்குற ஆள் பத்து பேர்தான். இப்ப அந்தப் பத்து பேரும் ஒரே நேரத்துல இருக்க மாட்டாங்க. 12 மணி நேர டியூட்டின்னா வாரத்துக்கு ஏழு பகல் ஏழு ராத்திரி, மொத்தம் 14 ஷிஃப்ட், ஒருத்தர் வாரம் ஒரு லீவு போக ஆறு ஷிஃப்ட் பாப்பாங்க, பத்து பேருக்கு 60 ஷிஃப்ட், அதை 14ஆல வகுத்தா ஒரு நேரத்துக்கு நாலு பேர் சொச்சம். இதுல யாருக்காவது காய்ச்சல், யாராவது ஊர்த் திருவிழாவுக்குப் போயிட்டாங்க, அதுவும் போக குளிப்பாட்டுற வேலை, சாப்பாடு ஊட்டுற வேலை எல்லாம் பகல்ல இருக்கறதால அஞ்சாறு பேரப் பகலுக்குப் போட்டுட்டு ராத்திரிக்கு ரெண்டு பேர விட்டுருவாங்க. 60 பேருக்கு ரெண்டு பேர்! இதே கணக்க சின்ன ஹோமுக்குப் போட்டுப் பாருங்க, பாத்துக்க அஞ்சே பேர் இருந்தாலும் ஒரு நேரத்துக்கு ரெண்டு பேர் வரும், 18க்கு ரெண்டு. ஏசியும் லாபியும் இந்தக் கணக்குல எங்கயும் வரல பாத்தீங்களா. நான் சொன்னது உதாரணம்தான், நிஜமான நம்பர நீங்கதான் கேக்கணும், அதுவும் "எத்தனை ஸ்டாஃப்"னு கேக்காதீங்க, "போன செவ்வாய்க்கிழமை ராத்திரி டியூட்டி யார் யாரு, டியூட்டி சார்ட்டக் காட்டுங்க"ன்னு கேளுங்க. சுவத்துல மாட்டிருந்தா நல்லது. "அதெல்லாம் மேனேஜர்கிட்ட இருக்கு, அவர் வெளிய போயிருக்கார்"னா புரிஞ்சுக்கோங்க.

அப்புறம் வெள்ளை யூனிஃபார்ம் போட்டவங்கல்லாம் நர்ஸ் இல்ல. ஜிஎன்எம்னா மூணு வருஷப் படிப்பு, ஏஎன்எம் ரெண்டு வருஷம், ரெண்டு பேருமே நர்சஸ் கவுன்சில்ல பதிவு பண்ணிருக்கணும், அந்த நம்பரக் கேக்கறதுல தப்பே இல்ல. மத்தவங்க ஆயாம்மா, கேர்டேக்கர், சில மாச டிரெயினிங்ல வந்தவங்க. அவங்கள நான் குறைச்சு சொல்லல, நல்ல ஆயாம்மா ஒருத்தங்க பத்து நர்ஸுக்கு சமம், நானே வேலை கத்துக்கிட்டது அப்படி ஒருத்தங்ககிட்டதான், ஆனா இன்சுலின் போடறது, யூரின் ட்யூப் பாக்கறது எல்லாம் அவங்க தலைல கட்டக் கூடாது, ராத்திரியும் ஒரு நர்ஸ் இருக்காங்களா இல்ல போன் பண்ணா வருவாங்களாங்கறது பெரிய வித்தியாசம். இன்னொன்னு, ராத்திரி டியூட்டில இருக்கற புள்ளைங்க தமிழ் பேசுவாங்களான்னு கேளுங்க, இப்ப வெளி மாநிலத்துல இருந்து நிறைய பேர் வந்து வேலை பாக்கறாங்க, பாவம் நல்லாத்தான் பாப்பாங்க, ஆனா மறதி நோய் இருக்கற அம்மா நடுராத்திரில "எங்க வீட்டுக்கு விடுங்க"ன்னு அழும்போது என்ன சொல்றாங்கன்னே தெரியாத ஆள் பக்கத்துல இருந்தா ரெண்டு பேருக்கும் கஷ்டம்.

இனிமே நேரம். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குப் போனா எல்லா ஹோமும் நல்ல ஹோம்தான், பவுடர் போட்டு பூ வெச்சு உக்கார வெச்சிருப்பாங்க. நீங்க ராத்திரி எட்டரைக்கு ஒரு தடவை போங்க, மாத்திரை குடுத்துப் படுக்க வெக்கிற நேரம், யார் எத்தனை பேரப் பாக்கறாங்கன்னு கண்ணாலயே எண்ணலாம். அப்புறம் வேற ஒரு நாள் காலைல ஆறு மணிக்கு. உள்ள விடலன்னா, மத்தவங்க தூங்குவாங்கன்னு சொல்றது நியாயம்தான், ஹால் வரைக்கும் வந்தா போதும்னு சொல்லுங்க. மூத்திர வாடை அந்த நேரத்துல கொஞ்சம் இருக்கும், அதுக்கு பயப்படாதீங்க, அது மனுஷங்க இருக்கற இடம், பத்து மணிக்கும் அதே வாடை இருந்தாதான் யோசிக்கணும். ஆனா ஆறு மணிக்கே எல்லாரும் குளிச்சு டிரெஸ் மாத்தி வரிசையா சேர்ல உக்காந்து தலை தொங்கத் தூங்கிட்டிருந்தா சந்தோஷப்படாதீங்க, நைட் டியூட்டி ஆளுங்க முடிச்சுட்டுப் போகணும்னு நாலு மணிக்கே எழுப்பிக் குளிப்பாட்டிருப்பாங்க. அங்க இருக்கற யாராவது பாட்டிகிட்ட "காலைல எத்தனை மணிக்கு எழுந்தீங்க, காபி எப்ப வரும்"னு சும்மா கேட்டாலே தெரிஞ்சுடும்.

எங்க சித்தி ஒரு ஹோம்ல எட்டு மாசம் இருந்தாங்க, பேர் வேண்டாம். நான் எப்பவும் போன் பண்ணிட்டுதான் போவேன், நர்ஸா இருந்தும் அந்த புத்தி வரல எனக்கு. ஒரு நாள் பக்கத்துல ஒரு கல்யாணத்துக்கு வந்தவ சாயங்காலம் நாலு மணிக்கு அப்படியே உள்ள போனேன். கட்டில் பக்கத்துல டேபிள், அதுல எவர்சில்வர் டம்ளர், விளிம்பு வரைக்கும் தண்ணி, மேல லேசா தூசி படிஞ்சிருந்துச்சு. காலைல வெச்சது. டேபிள் சித்தியோட வராத கைப் பக்கம் இருந்துச்சு, ஸ்ட்ரோக் வந்த கை அது. கூப்பிடற பெல்லோட வயர சுருட்டி ஜன்னல் கம்பில கட்டி வெச்சிருந்தாங்க, அடிக்கடி அமுக்கறாங்களாம். சித்தி நாக்கு காஞ்சு தோல் மாதிரி இருந்துச்சு. யாரும் அடிக்கல, யாரும் திட்டல, சோறு வேளாவேளைக்கு வந்துச்சு, ஆனா தண்ணி எட்டல. வயசானவங்களுக்குத் தாகமே சரியாத் தெரியாது, தண்ணி குறைஞ்சா யூரின் இன்ஃபெக்ஷன் வரும், அது வந்தா திடீர்னு உளறுவாங்க, உடனே "மறதி முத்திடுச்சு"ன்னு சொல்லிடுவாங்க, உங்கம்மாவுக்கு இது நடக்க ரொம்ப வாய்ப்பு இருக்கு. அதனால ஹோமுக்குள்ள போனதும் டம்ளர் எந்தப் பக்கம் இருக்கு, பெல் கைக்கு எட்டுதா, இத ரெண்டையும் முதல்ல பாருங்க, சாமி படமும் டிவியும் அப்புறம்.

படுத்தே இருக்கறவங்க அங்க யாராவது இருப்பாங்க, அவங்களுக்கு படுக்கைப்புண் இருக்கான்னு வெக்கப்படாமக் கேளுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வெக்கணும், அதுக்கு ஒரு சார்ட் இருக்கும், காலைலயே ராத்திரி வரைக்கும் கையெழுத்துப் போட்டு முடிச்சு வெச்சிருக்கற சார்ட்டையும் நான் பாத்திருக்கேன். அம்மா சேந்தப்புறம் நீங்க போறப்ப சாக்ஸக் கழட்டி குதிகாலப் பாருங்க, முதுகு கீழ வால் எலும்புப் பக்கம் பாருங்க, சிவப்பா இருக்கற இடத்த விரலால அமுக்கினா வெளுத்துட்டு திரும்ப சிவக்கணும், வெளுக்கவே இல்லன்னா புண்ணு ஆரம்பிச்சாச்சு, அன்னிக்கே சொல்லணும்.

மாத்திரை விஷயத்துல ஒரே ஒரு கேள்வி, தூக்க மாத்திரையோ அமைதியாக்குற மாத்திரையோ குடுக்கணும்னா யார் எழுதுவாங்க, எங்களக் கேப்பீங்களா? "எங்க ஹோம்ல யாரும் கத்த மாட்டாங்க, ரொம்ப அமைதி"ன்னு பெருமையா சொல்ற இடத்துல எனக்கு வயித்தக் கலக்கும். மறதி இருக்கற பத்து பேர் ஒரு கூரைக்குக் கீழ இருந்தா சத்தம் இருக்கத்தான் செய்யும். மயக்கத்துல நடந்தாதான் திரும்ப விழுவாங்க, உங்கம்மா இடுப்பு இன்னொரு தடவை தாங்காது. துப்பட்டாவால சேரோட கட்டறதும் அதே கதைதான், "விழாம இருக்கத்தான் மேடம்"னு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க.

கட்டறதுன்னு சொன்னதும் ஏர்வாடி ஞாபகம் வருது. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம், விடிகாலைல தீப்பிடிச்சு சங்கிலில கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாம செத்துப் போனாங்க. அது மனநலக் காப்பகம், முதியோர் இல்லம் இல்லதான், ஆனா ஒரு ஹோம்ல பூட்டுன கிரில் கேட்டப் பாத்தா எனக்கு இன்னிக்கும் அதுதான். மறதி இருக்கறவங்க தெருவுக்குப் போயிடுவாங்கன்னு பூட்டறது தப்பில்ல, சாவி எங்கன்னு கேளுங்க, ராத்திரி ஆள் இடுப்புல இருக்கணும், ஓனர் வீட்டுல இல்ல. நடக்க முடியாதவங்கள மாடில வெச்சிருந்தா கரண்ட் போய் லிஃப்ட் நின்னா எப்படி இறக்குவீங்கன்னு கேளுங்க. தீயணைப்பு சிலிண்டர்ல தொங்கற சீட்டுல தேதி பாருங்க. பாத்ரூம்ல நீங்களே செருப்பக் கழட்டிட்டு நடந்து பாருங்க, டைல்ஸ் வழுக்குதா, கைப்பிடிய இழுத்தா ஆடுதா, கதவு வெளிப்பக்கம் தொறக்குதான்னு. உள்ள விழுந்து கதவுலயே சாஞ்சு கிடந்தா உள்பக்கம் தொறக்கற கதவத் தள்ளவே முடியாது. இதுல பழைய வீட்டு ஹோம் மார்க் வாங்காதுன்னு நினைக்கிறேன், வாசப்படி, உசரமான நடை எல்லாம் இருக்கும், அத மட்டும் சரி பண்ணித் தருவாங்களான்னு கேளுங்க.

பணம்: டயப்பர், மருந்து, பிசியோ, ஆஸ்பத்திரிக்குக் கூட வர்ற ஆள் எல்லாம் 26,000க்குள்ளயா வெளியவா, டெபாசிட் எப்ப திரும்பும், அவசரம்னா எந்த ஆஸ்பத்திரி, எல்லாத்தையும் எழுதி வாங்குங்க. ஆதார் ஒரிஜினல், பாஸ்புக், ஏடிஎம் கார்டு எதையும் குடுக்காதீங்க.

எனக்கென்னமோ மனசு சின்னது பக்கம்தான் போகுது, ஆனா அங்க ராத்திரிக்கு ஒரே ஆள்தான்னா வேண்டாம், ஒருத்தர் ஒருத்தரத் தூக்கும்போது மத்த 17 பேருக்கும் யாருமில்ல. ரெண்டும் சரியில்லன்னா அவசரப்படாதீங்க, மூணாவது தேடுங்க. சேத்தப்புறம் ஏதாவது தப்பாப் பட்டா முதல்ல அவங்ககிட்ட எழுத்துல குடுங்க, கேக்கலன்னா முதியோர் உதவி எண் 14567 இருக்கு, சமூக நல அலுவலர் இருக்கார். அண்ணனுக்கும் ஒரு வேலை குடுங்க, அங்க சாயங்காலம் ஆறுன்னா இங்க ராத்திரி பத்தரை, அங்க குளிர்காலம்னா பதினொன்னரை, அந்த நேரத்துல வாரம் ரெண்டு தடவை ஹோம் லேண்ட்லைனுக்கு போன் போடச் சொல்லுங்க, எத்தனை ரிங்ல எடுக்கறாங்கன்னு எண்ணட்டும்.

அம்மாவோட கண்ணாடி, பல்செட் டப்பா, புடவை நைட்டி எல்லாத்துலயும் இப்பவே மார்க்கர்ல பேர் எழுதிடுங்க. முதல் ரெண்டு வாரம் வேற வேற நேரத்துல போங்க, போன் பண்ணாம. எட்டரை மணிக்குப் போய்ப் பாத்துட்டு வந்து எனக்கு எழுதுங்கம்மா, எத்தனை பேர் இருந்தாங்கன்னு.