வரம்பு வேண்டும் என்று வாதாடப் போகும் நண்பருக்கு

எம்.பி.க்களுக்குப் பதவிக்கால வரம்பு, அதாவது இத்தனை ஆண்டுக்கு மேல் ஒருவர் பதவியில் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, வேண்டும் என்று விவாதப் போட்டியில் பேசப் போகிறீர்கள், "அனுபவம் எல்லாம் வீணாகிவிடுமே" என்று எதிரணி மடக்கினால் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மறுக்கவே மறுக்காதீர்கள், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. வரம்பு வேறு விதங்களிலும் சறுக்கியிருக்கிறது. மெக்சிகோவில் 1933இல் தொடர்ந்து இரண்டாம் முறை நிற்கவே கூடாது என்று தடை போட்டார்கள். விளைவு, உறுப்பினர்கள் தொகுதி மக்களை மறந்துவிட்டு, அடுத்த பதவியைத் தரப்போகும் கட்சித் தலைமையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2014இல் அதைத் தளர்த்தி, கீழவையில் தொடர்ந்து நான்கு முறை வரை இருக்கலாம் என்று திருத்தினார்கள். பிலிப்பைன்சில் கீழவைக்குத் தொடர்ந்து மூன்று முறைதான், ஆனால் ஓர் உறுப்பினர் இறங்கியதும் அவருடைய மனைவியோ மகனோ அதே தொகுதியில் நிற்பது அங்கே சர்வசாதாரணம்.

சரி, அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? நீளமான வரம்பை. கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றத்தில் 1990இல் கீழவைக்கு 6 ஆண்டு, மேலவைக்கு 8 ஆண்டு என்று வைத்தார்கள், வேலையைக் கற்றுக்கொள்வதற்குள்ளேயே கிளம்ப வேண்டியிருந்தது. 2012இல் மக்களே வாக்களித்து அதை மாற்றினார்கள்: மொத்தம் 12 ஆண்டு, முழுவதையும் ஒரே அவையில் கழிக்கலாம். உங்கள் பேச்சை இந்த 12இல் நிறுத்துங்கள். கற்றுக்கொள்ளவும் காலம் இருக்கிறது, நாற்காலி பரம்பரைச் சொத்தாகாமல் இருக்க உறவினர்களுக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள், எதிரணிக்குப் பிலிப்பைன்சை இழுக்க வழி இருக்காது.