ஆவாரை விதை முளைக்கவில்லையா? உப்புத்தாளை எடுங்கள்

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் வீட்டை ஒட்டி ஐந்து சென்ட் காலி இடம் இருக்கிறது. வீட்டில் ஆவாரம்பூ டீ குடிக்கும் பழக்கம் உண்டு. கடையில் வாங்கும் காய்ந்த பூவில் காம்பும் தூசியும்தான் அதிகம். நாமே வளர்க்கலாம் என்று 30 விதை வாங்கிப் பைகளில் ஊன்றினேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் 40 நாளில் இரண்டுதான் முளைத்தன, அவையும் அழுகிவிட்டன. எங்கே தவறு செய்தேன்? அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அவருக்கும் இந்த டீயைக் கொடுக்கலாமா?

பதில்: முளைக்காத அந்த 28 விதைகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மண்ணைக் கிளறிப் பாருங்கள். பல விதைகள் ஊன்றியபோது இருந்தது போலவே கெட்டியாகக் கிடக்கும். அவை சாகவில்லை. தண்ணீர் உள்ளே போகவே இல்லை, அவ்வளவுதான்.

ஆவாரை மானாவாரி நிலத்துச் செடி. கோடையில் ஒரு மழை பெய்தவுடன் எல்லா விதையும் முளைத்துவிட்டால், அடுத்த மழை தள்ளிப்போகும்போது எல்லாமே கருகிவிடும். அதனால் விதையின் மேல்தோல் நீர் புகாதபடி இறுகியிருக்கிறது. மண்ணில் உரசி, வெயிலில் காய்ந்து, மழையில் நனைந்து, தோல் எங்காவது தேய்ந்த விதை மட்டும் அந்தந்தப் பருவத்தில் முளைக்கும். காட்டில் இது நல்ல ஏற்பாடு. நமக்கு ஒரே நேரத்தில் இருபது கன்று வேண்டும் என்பதால், அந்தத் தேய்மானத்தை நாம் கையால் செய்துவிட வேண்டும்.

உப்புத்தாளை மேசையில் விரித்து, விதையை ஒரு விரலால் அழுத்தி நாலைந்து முறை இழுங்கள். பழுப்புத் தோலின் அடியில் வெளிறிய நிறம் ஓரிடத்தில் தெரிந்தால் போதும். விதையின் கண், அதாவது நெற்றோடு ஒட்டியிருந்த தழும்பு, இருக்கும் முனையில் தேய்க்காதீர்கள், முளை அங்கேதான் இருக்கிறது. எதிர்ப்பக்க விளிம்பில் தேய்ப்பதுதான் பாதுகாப்பு. பிறகு இரவு முழுக்க வெறும் தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் பார்த்தால் சில விதைகள் உளுந்து போல உப்பியிருக்கும். அவற்றை அன்றே ஊன்றிவிடலாம். உப்பாதவற்றை மறுபடி தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள். இந்த ஊறல் சோதனையை நான் ஒருபோதும் விடுவதில்லை. எதில் தண்ணீர் இறங்கியது, எதில் இறங்கவில்லை என்பது ஒரே இரவில் தெரிந்துவிடும், நாற்பது நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

விதை நிறைய இருந்தால் வெந்நீர் முறை எளிது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கொதி அடங்கும்வரை சில நிமிடம் விட்டு, விதைமேல் ஊற்றி அப்படியே மறுநாள்வரை ஆறவிட வேண்டும். அடுப்பில் வைத்து விதையோடு கொதிக்கவிட்டால் வெந்துவிடும். கொஞ்சம் விதைதான் இருக்கிறது என்றால் உப்புத்தாள்தான் நல்லது.

விதையைக் கடையில் வாங்குவதைவிட, ஊருக்கு வெளியே நீங்களே நெற்றுப் பறிப்பதையே பரிந்துரைப்பேன். காரணம், ஆவாரை என்ற பெயரில் வேறு செடிகளின் விதையும் கைமாறுகிறது. குறிப்பாகப் பேயாவரை. அதுவும் மஞ்சளாகவே பூக்கும், ஆனால் அதன் விதையைத் தின்ற குழந்தைகள் மேற்கு உத்தரப்பிரதேசத்தில் கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள். இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. ஆவாரையின் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், காதுமடல் போல அகன்ற சிற்றிலை ஒன்று ஒட்டியிருக்கும். அதன் அறிவியல் பெயரில் வரும் ‘ஆரிகுலேட்டா’ என்ற சொல்லே காதைக் குறிப்பதுதான். நெற்று தட்டையாக, காகிதம் போல மெல்லிசாக, உள்ளே இருக்கும் விதை ஒவ்வொன்றும் வெளியே தடம் தெரியும்படி இருக்கும். பேயாவரைக்கு அந்தக் காதுமடல் கிடையாது. அதன் இலைகள் நுனி கூராக நான்கைந்து இணைகளாக இருக்கும், கசக்கினால் கெட்ட வாடை அடிக்கும். காதைப் பார்க்காமல் நெற்றைப் பறிக்காதீர்கள். பறித்த விதையில் ஊசித் துளை இருந்தால் வண்டு தின்றுவிட்டது என்று அர்த்தம். அதை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு கன்று அழுகியதற்குக் காரணம் தினசரித் தண்ணீர். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நீளமான பைகளில் நிரப்புங்கள். விரல் நகத்தின் ஆழத்துக்கு விதையை ஊன்றி, முளைக்கும்வரை மேல்மண் காயாமல் பூவாளியால் தெளித்தால் போதும். தோல் தேய்ந்த விதை ஒன்றிரண்டு வாரத்தில் தலைகாட்டிவிடும். அதன்பின் மேல்மண் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். பை முழு வெயிலில் இருக்கட்டும். இதன் ஆணிவேர் வேகமாக இறங்கும், அறுபட்டால் செடி எளிதில் தேறாது. எனவே வேர் பையின் அடியை முட்டுவதற்கு முன்பே, கன்று ஒரு சாண் உயரம் இருக்கும்போதே நிலத்துக்கு மாற்றிவிடுங்கள். நேரடியாகக் குழியிலேயே இரண்டு மூன்று விதை ஊன்றி, நன்றாக வருவதை மட்டும் விட்டுவைப்பது இன்னும் சிறப்பு. ஆடியில் ஊன்றினால் வடகிழக்கு மழை தொடங்குவதற்குள் கன்று நிலைபெற்றுவிடும்.

ஐந்து அடி இடைவெளி கொடுங்கள். உரம் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். அதிகமாகப் போட்டால் இலைதான் மண்டும், பூ குறையும். பயறு வகைக் குடும்பம்தானே என்று, வேர்முடிச்சில் தங்கித் தழைச்சத்து சேர்க்கும் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை வாங்கிக் கலப்பவர்களும் உண்டு. ஆவாரை சேர்ந்த இனத்துக்குப் பொதுவாக வேர்முடிச்சு உருவாவதில்லை, அந்தச் செலவு வீண். முதல் ஆண்டில் கொஞ்சம் பூக்கலாம், டீக்குப் போதுமான பூவை இரண்டாம் ஆண்டிலிருந்து எதிர்பாருங்கள். பெரிய பூப்பு ஓய்ந்ததும் இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்டால் பக்கக்கிளைகள் வெடித்து, நுனிகள் பெருகும். பூ வருவது அந்த நுனிகளில்தான்.

இலையைப் பச்சைப் புழுக்கள் தின்னும். அவை வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள். தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள், பூவைக் குடிக்கப்போவது நீங்கள். கையால் எடுத்துவிட்டாலே போதும். நான் அதையும் செய்வதில்லை, செடி தானே தழைத்துக்கொள்ளும். காலையில் கருவண்டு ஒன்று பூவில் தொங்கிக்கொண்டு ரீங்கரிப்பதைக் கவனித்துப் பாருங்கள். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. வண்டு தன் உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கிறது. காய் பிடிப்பது அதனால்தான். ஆகவே மூன்றில் ஒரு பங்குப் பூவைச் செடியிலேயே விட்டுவிடுங்கள். போகியன்று காப்புக் கட்ட வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்க்கவும் உங்களுக்கு வேண்டுமே.

பனி உலர்ந்தபின், அன்று விரிந்த பூக்களை மட்டும் காம்பில்லாமல் பறியுங்கள். வெள்ளைத் துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். நேர் வெயிலில் மஞ்சள் வெளுத்துவிடும். சில நாளில், விரலில் நொறுங்கும் பதம் வந்ததும் ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். சாலையோரப் பூ வேண்டாம். வாகனப் புகையும் களைக்கொல்லியும் படிந்திருக்கும்.

ஒரு கோப்பைக்கு, அதாவது சுமார் 200 மில்லி கொதித்த நீருக்கு, காய்ந்த பூ ஒரு தேக்கரண்டி அல்லது புதுப்பூ எட்டுப் பத்து. மூடிவைத்து ஐந்து நிமிடத்தில் வடிகட்டுங்கள். பூவோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் துவர்ப்பு ஏறிவிடும். ஒரு காலத்தில் தோல் பதனிட மூட்டை மூட்டையாகப் போனது இதன் பட்டைதான், அந்தத் துவர்ப்புச் சத்துக்காகவே. அது இரும்புச்சத்தை உடல் ஏற்பதையும் குறைக்கும். இரும்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த டீக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

இனி உங்கள் அப்பா. “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ” என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் மருந்துச் சீட்டுக்குப் பதிலாக அதைப் பிடித்துக்கொண்டவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. எலிகளில் செய்த ஆய்வுகளில் ஆவாரம்பூச் சாறு இரத்தச் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. மனிதர்களில் மாத்திரைக்கு மாற்றாகும் அளவுக்கு அது நிறுவப்படவில்லை. சித்த மருத்துவர்கள் நீரிழிவுக்குத் தரும் ஆவாரைக் குடிநீர் பல சரக்குகள் சேர்ந்த கஷாயம், உங்கள் வீட்டுப் பூ டீயும் அதுவும் ஒன்றல்ல. அப்பா மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால் டீயும் சேர்ந்து சர்க்கரை மிகவும் இறங்கிவிட வாய்ப்புண்டு. மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வாரத்தில் ஓரிரு நாள் ஒரு கோப்பையில் தொடங்கி, அந்த நாட்களில் சர்க்கரை அளவைப் பார்த்துக் குறித்துவையுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவே கூடாது. பனங்கற்கண்டும் அவருக்கு வேண்டாம், அதுவும் சர்க்கரைதான்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். வலிப்புக்குக் கார்பமசெபைன் எடுப்பவர்களும் தொடக் கூடாது. எலிகளில் ஆவாரைத் தேநீர் அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்தியது தெரியவந்திருக்கிறது. மற்றவர்களும் மாதக்கணக்கில் இடைவிடாமல் குடிக்காமல், சில வாரம் குடித்துச் சில வாரம் விடுவது நல்லது.

விதையை இன்று இரவே ஊறப்போடுங்கள். காலையில் எத்தனை உப்பியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அதற்கேற்பப் பை நிரப்பலாம்.