ஃபோனுடன் பேசுவோம்: வாசகர் கேள்வி–பதில்

‘ஹே கூகுள்’ என்று கூப்பிட்டால் என் ஃபோன் சில நாள் உடனே பதில் சொல்கிறது. சில நாள் அப்படியே கிடக்கிறது. மைக் கெட்டுவிட்டதா? – விருதுநகர் வாசகி

சில நாள் வேலை செய்கிறது என்றால் மைக்கில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஃபோனிலுள்ள வாய்ஸ் ரெக்கார்டரைத் திறந்து, ஓர் அடி தள்ளி வைத்துப் பத்து விநாடி பேசிக் கேளுங்கள். குரல் தெளிவாக இருந்தால் பிரச்சினை செட்டிங்ஸில்தான்.

முதலில் பேட்டரி சேவரைப் பாருங்கள். அது ஆனில் இருக்கும்போது, சார்ஜைச் சேமிக்க ‘ஹே கூகுள்’ கேட்பதை ஃபோன் நிறுத்திவிடும். மாலையில் சார்ஜ் இறங்கியதும் தானாக ஆன் ஆகும்படி வைத்திருந்தால், காலையில் கேட்கிற ஃபோன் மாலையில் கேட்காது. அடுத்தது புளூடூத். பக்கத்து அறையில் கிடக்கும் இயர்ஃபோன் ஃபோனோடு இணைந்திருந்தால், சில சமயம் ஃபோன் அதன் மைக் வழியாகவே கேட்க முயலும். மூன்றாவதாக, கூகுள் ஆப்பின் பேட்டரி அமைப்பை ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் உங்கள் குரலை அடையாளம் காணும் ‘வாய்ஸ் மேட்ச்’ பகுதிக்குப் போய்க் குரலை மறுபடி பதியுங்கள். டிவி ஓடாத அறையில், அன்றாடம் கூப்பிடும் அதே தொனியில் சொல்லுங்கள். பதிவுக்கென்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு, பிறகு அவசரமாகக் கூப்பிட்டால் பொருந்தாது.

ரெக்கார்டரிலேயே குரல் அமுங்கிக் கேட்டால், அடிப்பக்கம் உள்ள மைக் துளையைக் கவரோ தூசியோ அடைத்திருக்கும். கவரைக் கழற்றி, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். குண்டூசி மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் வலை கிழிந்தால் மைக்கையே மாற்ற வேண்டிவரும்.

‘பெரியப்பாவுக்கு கால் பண்ணு’ என்று தமிழில் சொன்னால் வேறு யாருக்கோ போகிறது. என் உச்சரிப்பு சரியில்லையா? – தஞ்சாவூர் வாசகர்

உச்சரிப்பைக் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் தவறு கான்டாக்ட் பட்டியலில்தான் இருக்கும். நீங்கள் பேசியதை ஃபோன் முதலில் எழுத்தாக மாற்றுகிறது. பிறகு அந்த எழுத்தைப் பட்டியலில் உள்ள பெயர்களோடு ஒப்பிட்டு, மிக நெருக்கமானதை எடுக்கிறது. ஆங்கில எழுத்தில் ‘பெரியப்பா டிஎன்ஜே நியூ 2’ என்று சேமித்திருந்தால், அந்த ஒட்டுச் சொற்கள் எல்லாம் ஒப்பீட்டைக் கெடுக்கும்.

நீங்கள் வாயால் எப்படிச் சொல்வீர்களோ, அப்படியே பெயரைச் சேமியுங்கள். தமிழில் கட்டளை கொடுப்பவர் என்றால் தமிழ் எழுத்திலேயே ‘பெரியப்பா’ என்று வையுங்கள். ஊர், அலுவலகம் போன்றவற்றை ‘கம்பெனி’ கட்டத்துக்கு மாற்றுங்கள். இனிஷியலைப் பெயரின் முன்னால் போடாதீர்கள். ஆங்கிலப் பெயரை மாற்ற மனமில்லை என்றால், கூகுள் கான்டாக்ட்ஸில் ‘நிக்நேம்’ என்றொரு கட்டம் உண்டு; அதில் தமிழில் எழுதுங்கள்.

ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் ஃபோன் தடுமாறத்தான் செய்யும். ‘குமார்’, ‘குமார் 1’ என்று வைப்பதைவிட ‘கேஸ் குமார்’, ‘பிளம்பர் குமார்’ என்று வைத்தால் சொல்லவும் எளிது, பிடிக்கவும் எளிது. ஒருவருக்கே மூன்று எண்கள் இருந்தால், அடிக்கடி கூப்பிடும் எண்ணை அழுத்திப் பிடித்து ‘டிஃபால்ட்’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் எந்த எண் என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

பட்டியலைச் சரிசெய்ய ஒரு மாலைப் பொழுது ஆகலாம். அதைச் செய்யாமல் ஃபோனை மாற்றுவதில் பலன் இல்லை; புது ஃபோனிலும் அதே பட்டியல்தான் வந்து உட்காரும்.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு வலது கை வரவில்லை. பேச்சும் சற்றுக் குழறுகிறது. குரலாலேயே ஃபோனை முழுவதும் இயக்க முடியுமா? – திருநெல்வேலி வாசகர்

முடியும். ஆனால் ‘ஹே கூகுள்’, ஐஃபோனின் ‘சிரி’ இரண்டும் இதற்குப் போதாது. திரையில் உள்ள ஒவ்வொரு பொத்தானையும் குரலால் தொடுவதற்கென்றே தனி வசதிகள் உண்டு. ஆண்ட்ராய்டில் அதன் பெயர் வாய்ஸ் ஆக்சஸ். செட்டிங்ஸில் ‘ஆக்சசிபிலிட்டி’ பகுதியில் இல்லையென்றால் பிளே ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும். ஐஃபோனில் 2019 முதல் வாய்ஸ் கன்ட்ரோல் இருக்கிறது. முதல் முறை மட்டும் அது ஒரு கோப்பை வைஃபையில் இறக்கிக்கொள்ளும். பிறகு நெட் இல்லாமலும் இயங்கும்.

இரண்டிலும் கட்டளைகளை ஆங்கிலத்தில் சொல்லிப் பழக வேண்டும். அப்பாவுக்கு ஐந்தே ஐந்து போதும்: ‘ஓபன் வாட்ஸ்அப்’, ‘கோ பேக்’, ‘கோ ஹோம்’, ‘ஸ்க்ரோல் டவுன்’, ‘ஷோ நம்பர்ஸ்’. கடைசிக் கட்டளைதான் உயிர்நாடி. அதைச் சொன்னதும் திரையில் தொடக்கூடிய எல்லாவற்றின் மேலும் ஓர் எண் தோன்றும். பிறகு ‘டேப் செவன்’ என்றால் ஏழாம் எண்ணுள்ள பொத்தான் அழுந்தும். பெயர் தெரியாத பொத்தானைக்கூட இப்படித் தொட்டுவிடலாம்.

சற்று நேரம் பேசாமல் இருந்தால் வாய்ஸ் ஆக்சஸ் கேட்பதை நிறுத்திக்கொள்ளலாம். யோசித்துப் பேசுகிறவருக்கு இது பெரிய தொல்லை. அதன் செட்டிங்ஸில் பேச்சில்லா நேரத்துக்கான ‘டைம்அவுட்’டை அணைத்துவிடுங்கள். லாக் திறக்க, முகம் காட்டும் முறையை வையுங்கள்; பின் எண்ணைச் சத்தமாகச் சொல்லும் நிலை வரக்கூடாது.

பேச்சு குழறுகிறது என்கிறீர்கள். ஐஃபோனில் ஐஓஎஸ் 18 முதல் ‘வோக்கல் ஷார்ட்கட்ஸ்’ வந்திருக்கிறது. அப்பாவால் சொல்ல முடிகிற ஒரு சிறு சொல்லைத் தேர்ந்து, அவர் குரலிலேயே மூன்று முறை பதிந்து, அதற்கு ஒரு செயலைப் பொருத்தலாம். அவர் எப்படிச் சொல்கிறாரோ அதையே அது கற்றுக்கொள்கிறது என்பதால், குழறல் அவ்வளவாகத் தடையாகாது. வரும் அழைப்பைத் தானாக எடுக்க, ‘ஆக்சசிபிலிட்டி’யில் ‘டச்’ பகுதிக்குள் ‘கால் ஆடியோ ரவுட்டிங்’ சென்று ‘ஆட்டோ ஆன்சர்’ ஆன் செய்யுங்கள். அங்கேயே ஒலி ஸ்பீக்கரில் வரும்படியும் வைத்துவிடுங்கள். புது ஃபோன் வாங்கும் எண்ணம் இருந்தால், இந்த இரண்டுக்காகவே ஐஃபோனைப் பரிந்துரைப்போம். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். இருக்கிற ஆண்ட்ராய்டில் வாய்ஸ் ஆக்சஸைப் பழக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாட்ஸ்அப்பில் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் எழுத்தாக வராமல் குரல் செய்தியாகப் போய்விடுகிறதே? – கோவை வாசகி

நீங்கள் அழுத்துவது வாட்ஸ்அப்பின் மைக். எழுத்துக்கு உரியது கீபோர்டின் மேல் வரிசையில் இருக்கும் மைக். கூகுளின் கீபோர்டான ஜிபோர்டு என்றால், அதன் செட்டிங்ஸில் ‘லாங்குவேஜஸ்’ சென்று தமிழைச் சேருங்கள். பேசுமுன் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்துத் தமிழுக்கு மாற்றுங்கள். ஆங்கிலக் கீபோர்டு இருக்கும்போது தமிழில் பேசினால் பொருளற்ற ஆங்கிலச் சொற்கள்தான் வரும். ஒரு மூச்சில் ஒரு வாக்கியம் பேசுங்கள். காற்புள்ளி, முற்றுப்புள்ளியைக் கையால் போடுவதே விரைவு. அனுப்புமுன் ல, ள, ழ வரும் இடங்களை ஒருமுறை பாருங்கள்.

ஃபோன் எப்போதும் ஒட்டுக்கேட்கிறதா? பணம் அனுப்பும்போது குரல் கட்டளை பாதுகாப்பானதா? – சேலம் வாசகர்

‘ஹே கூகுள்’ போன்ற அழைப்புச் சொல்லை ஃபோன் தனக்குள்ளேயே கவனிக்கிறது. அது கேட்ட பிறகு பேசுவதுதான் பெரும்பாலும் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. மைக்கை ஏதாவது ஆப் பயன்படுத்தினால் ஆண்ட்ராய்டு 12 முதல் திரையின் மேல்மூலையில் பச்சை அடையாளமும், ஐஃபோனில் ஆரஞ்சுப் புள்ளியும் தெரியும். காரணமில்லாமல் தெரிந்தால், ‘பர்மிஷன்’ பகுதியில் எந்த ஆப் என்று பார்த்து மைக் அனுமதியை நீக்குங்கள்.

பணம் விஷயத்தில் ஒரே விதி. யுபிஐ பின்னைக் கையால்தான் அழுத்த வேண்டும். வாயால் சொல்லச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், வங்கி ஊழியர் என்றாலும், அது மோசடி. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். வாய்ஸ் மேட்ச்சும் பூட்டு அல்ல. உங்கள் குரலைப் போன்ற குரலுக்கும் பதிவு செய்த குரலுக்கும்கூட ஃபோன் திறந்துகொடுக்கலாம். லாக் ஸ்கிரீனில் அழைப்பு மட்டும் குரலுக்குக் கட்டுப்படட்டும். செய்தி படிப்பதை அணைத்து வையுங்கள்.